ரான் டேய்னா, ஜோனத்தன் டெய்லரா? விஸ்கான்சின் ரன்னிங் பேக்குகள், அன்றும் இன்றும்

கேள்வி இதுதான்: அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் விஸ்கான்சின் அணியின் பழைய ரன்னிங் பேக்குகளையும் இப்போதைய ஆட்களையும் ஒரே வரிசையில் நிறுத்தினால் யார் முதலில் நிற்பார், அப்படிப்பட்ட ஆள் இப்போது ஏன் வருவதில்லை?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரான் டேய்ன் முதல். அவருக்குப் பின்னால், தோளோடு தோள் உரசும் தூரத்தில், ஜோனத்தன் டெய்லர். மூன்றாவது மெல்வின் கார்டன். இந்த வரிசையை மாற்றிச் சொல்பவர்களோடு பல வருடம் பேசியிருக்கிறேன், அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் பாதிப் பேர் புள்ளிவிவரப் பட்டியலை அப்படியே எடுத்து வைத்துப் பேசுகிறார்கள், அந்தப் பட்டியலிலேயே ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது. அதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

விளையாட்டு புதிது என்பவர்களுக்கு இரண்டு வரி. ரன்னிங் பேக் என்றால் பந்தைக் கையில் வாங்கிக்கொண்டு எதிரணி பதினோரு பேரையும் தாண்டி ஓடுகிறவர். கபடியில் ரெய்டு போகிறவர் மாதிரிதான், ஆனால் இவருக்கு முன்னால் இவர் அணியின் ஐந்து மலை போன்ற ஆட்கள் வழி திறந்துகொண்டு போவார்கள். அந்த ஐந்து பேருக்குத்தான் லைன் என்று பெயர். எத்தனை யார்டு (ஒரு யார்டு மூன்று அடி) ஓடினார் என்பதுதான் கணக்கு.

சரி, சிக்கலுக்கு வருவோம். டேய்ன் 1996 முதல் 1999 வரை நான்கு சீசன் ஆடினார். 2,109, அப்புறம் 1,457, 1,525, கடைசியாக 2,034. கூட்டினால் 7,125 யார்டு. ஆனால் அதிகாரப்பூர்வப் பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே 6,397 என்றுதான் இருக்கும். மீதி 728 யார்டு எங்கே போனது? சீசன் முடிந்த பிறகு நடக்கும் பௌல் ஆட்டங்களில் எடுத்தது அது. 2002-க்கு முன்பு பௌல் ஆட்டத்தில் ஓடியதைக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்சிஏஏ தனிநபர் கணக்கில் சேர்ப்பதில்லை. 2002 சீசனிலிருந்து சேர்க்க ஆரம்பித்தார்கள், ஆனால் பழைய ஆட்களின் கணக்கைத் திருத்தவில்லை. விளைவு என்ன தெரியுமா? 2016 டிசம்பரில் சான் டியேகோ ஸ்டேட் அணியின் டோனல் பம்ஃப்ரி, லாஸ் வேகஸ் பௌல் ஆட்டத்தில் 6,405-ஐத் தொட்டு, டேய்னின் சாதனையை முறியடித்துவிட்டார் என்று அறிவிக்கப்பட்டது. பம்ஃப்ரி அருமையான ஆட்டக்காரர், அவ்வளவு சின்ன உடம்பை வைத்துக்கொண்டு நான்கு வருடம் அத்தனை அடி வாங்கி ஓடியது பெரிய விஷயம், அவர் மேல் எந்தக் குறையும் இல்லை. ஆனால் அவருக்குப் பௌல் ஆட்டங்கள் எண்ணப்பட்டன, டேய்னுக்கு எண்ணப்படவில்லை. ஒரே தராசில் இரண்டு விதமான படிக்கல் வைத்து நிறுத்துவதை நான் இன்றுவரை ஏற்கவில்லை. எண்ணாமல் விட்ட அந்த நான்கு ஆட்டங்களில் இரண்டு எவை என்று பாருங்கள்: 1999 ரோஸ் பௌலில் யுசிஎல்ஏவுக்கு எதிராக 246 யார்டு, 2000 ரோஸ் பௌலில் ஸ்டான்ஃபோர்டுக்கு எதிராக 200 யார்டு. இரண்டிலும் விஸ்கான்சின் ஜெயித்தது, இரண்டிலும் சிறந்த ஆட்டக்காரர் டேய்ன்தான். ஒரு கல்லூரி ஆட்டக்காரனின் வாழ்க்கையில் மிகப் பெரிய இரண்டு நாட்கள் பதிவேட்டிலேயே இல்லை.

இதே விதிதான் டெய்லர் பக்கமும் குழப்பம் செய்கிறது. 2017-இல் முதலாண்டு மாணவராக டெய்லர் 1,977 யார்டு ஓடியதும், முதலாண்டு ஆட்டக்காரர்களில் இதுதான் சாதனை என்று எல்லாரும் எழுதினார்கள். டேய்ன் 1996-இல் முதலாண்டு மாணவராக ஓடியது 2,109. அதில் யூட்டாவுக்கு எதிரான காப்பர் பௌலில் எடுத்த 246-ஐக் கழித்துவிட்டு 1,863 என்று போட்டதால்தான் டெய்லர் முன்னால் வந்தார்.

கார்டன் ரசிகர்களுக்கு மட்டும் இந்த விதி வேறு திசையில் வலிக்கும். 2014-இல் கார்டன் 2,587 யார்டு ஓடினார், பேரி சாண்டர்ஸ் 1988-இல் ஓக்லஹோமா ஸ்டேட் அணிக்கு ஓடிய 2,628-க்கு இன்னும் 41 யார்டுதான் பாக்கி என்பார்கள். ஆனால் கார்டன் ஆடியது 14 ஆட்டம், பௌல் உட்பட. சாண்டர்ஸ் அந்த 2,628-ஐ எடுத்தது 11 ஆட்டத்தில், அவருடைய பௌல் ஆட்டத்தின் 222 யார்டு அதில் சேரவே இல்லை. அதையும் சேர்த்தால் 2,850. இன்னொரு விஸ்கான்சின் ரன்னிங் பேக்கான மான்டே பாலின் 39 டச் டவுன் கதையும் இதேதான் (பந்தோடு எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டுவதுதான் டச் டவுன்). 2011-இல் பால் 39 அடித்து சாண்டர்ஸைச் சமன் செய்தார் என்று பதிவேடு சொல்லும், சாண்டர்ஸ் பௌல் ஆட்டத்தில் அடித்த ஐந்தையும் எண்ணினால் அவருடையது 44. நம் அணிக்கு லாபமாக வரும்போது மட்டும் பௌல் ஆட்டத்தைச் சேர்ப்பது முறையாகாது, எல்லாருக்கும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இப்போது டேய்ன் ஏன் முதல் என்பதற்கு வருகிறேன். 5 அடி 10 அங்குலம் உயரம், 250 பவுண்டுக்கு மேல் எடை, அதாவது 113 கிலோவைத் தாண்டும். அந்த உடம்போடு நியூஜெர்சியிலிருந்து வந்தவரை வேறு இடங்களில் ஃபுல்பேக் ஆக்கியிருப்பார்கள், அதாவது மற்றவருக்கு வழிவிட முட்டிக்கொடுக்கும் ஆள். பயிற்சியாளர் பேரி ஆல்வரெஸ் அவரை ரன்னிங் பேக்காகவே வைத்து, பந்தையும் கையில் கொடுத்தார். பௌல் ஆட்டங்களையும் சேர்த்து நான்கு வருடத்தில் 1,220 முறை பந்து வாங்கி ஓடியிருக்கிறார். இந்த எண்ணை நிதானமாகப் படியுங்கள். ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று பேர் மேலே விழுவார்கள், அதற்காகவே பயிற்சி எடுத்தவர்கள். பழைய ஆட்டப் பதிவுகளை முழு நீளமாக உட்கார்ந்து பார்த்தால்தான் இது புரியும், சிறப்புக் காட்சித் துண்டுகளில் தெரியாது. முதல் பாதியில் டேய்ன் மூன்று யார்டு, நான்கு யார்டு என்றுதான் எடுப்பார். எதிரணியின் மூலைத் தற்காப்பு ஆட்டக்காரர், 180 பவுண்டு பையன், ஆட்டத்தின் முதல் கால் பகுதியில் டேய்னின் இடுப்பைப் பார்த்துப் பாய்வான். நான்காவது கால் பகுதியில் அதே பையன் ஒரு நொடி தயங்குவதைப் பார்க்கலாம், தோளைக் கொடுக்காமல் கையை மட்டும் நீட்டுவான். அந்தத் தயக்கத்தில்தான் டேய்ன் இருபது முப்பது யார்டு போய்விடுவார். இன்னொன்று, அவ்வளவு பெரிய ஆளுக்குக் கால் அவ்வளவு சின்னச் சின்ன எட்டாக விழும் என்று யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள். இடுக்கில் பக்கவாட்டில் அரை அடி நகர்ந்து, மறுபடி நேராவார். வெறும் பலம் என்று சொல்பவர்கள் அந்தக் காலைப் பார்த்ததில்லை.

1999 நவம்பர் 13, அயோவாவுக்கு எதிரான ஆட்டம். ரிக்கி வில்லியம்ஸ் முந்தைய வருடம்தான் 6,279 என்ற சாதனையை வைத்துவிட்டுப் போயிருந்தார், அதைத் தாண்ட டேய்னுக்கு 99 யார்டு தேவை. கேம்ப் ராண்டல் மைதானம் முழுக்க அவர் பெயரும் 33 என்ற எண்ணும் போட்ட வெள்ளைத் துண்டுகள். இரண்டாம் கால் பகுதியிலேயே சாதனை முறிந்தது, அன்று மொத்தம் 216 யார்டு. நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான அந்த வருட ஹைஸ்மன் கோப்பையும் அவருக்குத்தான், 33-ஆம் எண்ணை இனி யாரும் அணிய முடியாது.

டேய்னை இறக்கிப் பேசுபவர்கள் எப்போதும் சொல்வது, தொழில்முறை ஆட்டத்தில் அவர் ஒரு சீசனில் கூட 1,000 யார்டைத் தொடவில்லை என்பது. உண்மைதான். ஆனால் கேள்வி கல்லூரி அணியைப் பற்றியது. அதை வைத்து மதிப்பிட்டால் ஜேம்ஸ் வைட்டை முதல் இடத்தில் வைக்க வேண்டும், தொழில்முறை லீகின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌலில் வெற்றி டச் டவுன் அடித்தவர் அவர். இங்கே ஒரு விஷயம் சொல்லாமல் போக முடியவில்லை. தொழில்முறைக் கால்பந்தின் இறுதி ஆட்டம் முதன்முதலில் கூடுதல் நேரத்துக்குப் போனது 1958-இல், அதை முடித்து வைத்த டச் டவுன் ஆலன் அமீச்சியுடையது. சூப்பர் பௌல் என்ற பெயர் வந்த பிறகு அது முதன்முதலில் கூடுதல் நேரத்துக்குப் போனது 2017 பிப்ரவரியில், அதை முடித்தது வைட். இருவரும் விஸ்கான்சின் ரன்னிங் பேக்குகள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

அமீச்சியைப் பற்றி அதிகம் எழுத முடியாது, 1954-இல் ஹைஸ்மன் வாங்கியவர், கெனோஷா ஊர்க்காரர், கல்லூரியில் 3,212 யார்டு. அந்தக் காலத்தில் மாற்று ஆட்டக்காரரை இறக்குவதற்குக் கட்டுப்பாடு வந்துவிட்டதால் கடைசி இரண்டு சீசன் தாக்குதலிலும் ஆடி, தற்காப்பிலும் நின்றார். இப்போது யாரையும் அப்படி ஆட வைக்க மாட்டார்கள். அதனால் அவரை மற்றவர்களோடு எண்ணை வைத்து ஒப்பிடுவதே தவறு, மரியாதையாகத் தனியே வைத்துவிடுகிறேன்.

டெய்லர். இவரும் நியூஜெர்சிதான். 1,977, 2,194, 2,003, மூன்றே சீசனில் 6,174 யார்டு, 41 ஆட்டம், 926 ஓட்டம். ஒரு ஓட்டத்துக்கு 6.7 யார்டு வருகிறது, டேய்னுக்கு 5.8. பந்தோடு ஓடும் திறமையை மட்டும் தனியே பிரித்து எடுக்க முடிந்தால் டெய்லர்தான் உயர்ந்தவர் என்று தயங்காமல் சொல்வேன். டேய்னிடம் இல்லாத ஒன்று அவரிடம் இருந்தது: ஒரு இடுக்கு கிடைத்துவிட்டால் பின்னால் யாரும் பிடிக்க முடியாத வேகம். 2018-இல் பர்டூவுக்கு எதிராக மூன்று முறை கூடுதல் நேரம் போன ஆட்டத்தில் 321 யார்டு ஓடினார், ஆட்டத்தை முடித்த டச் டவுனும் அவருடையதே. நாட்டின் சிறந்த ரன்னிங் பேக்குக்கான டோக் வாக்கர் விருதை 2018, 2019 இரண்டு வருடமும் வாங்கினார். 2021-இல் தொழில்முறை லீகிலேயே அதிக யார்டு ஓடியவரும் அவர்தான், 1,811.

பிறகு ஏன் இரண்டாவது? பந்தைத் தவறவிடுவார். மூன்று சீசனில் பதினைந்து தடவைக்கு மேல் ஃபம்பிள். அது சின்ன விஷயம் இல்லை, ஆட்டத்தின் போக்கையே மாற்றும் விஷயம். இரண்டாவது காரணம், நான்காவது வருடம் ஆடாமல் போய்விட்டார். பதிவேட்டில் பம்ஃப்ரியைத் தாண்ட அவருக்கு 232 யார்டுதான் தேவைப்பட்டது, அவர் ஓட்டத்துக்கு அது ஒரே ஒரு நல்ல சனிக்கிழமை. போனதை நான் குறை சொல்லவில்லை, 926 முறை அடி வாங்கிய உடம்பு, சம்பளம் கிடைக்கும் இடத்துக்குப் போவதுதான் சரி. தங்கியிருந்தாலும் 2020-இல் கொரோனாவால் விஸ்கான்சின் ஏழே ஆட்டம்தான் ஆடியது. இருந்தாலும் கல்லூரி வாழ்க்கை முழுவதையும் எடைபோடும்போது நான்கு வருடம் தாங்கியவருக்கு அந்த மதிப்பு உண்டு. 2020 ரோஸ் பௌலில் டெய்லர் 94 யார்டோடு நின்றார், ஆரிகானிடம் 28-27 என்று தோற்றோம். டேய்ன் தன் இரண்டு ரோஸ் பௌலையும் தோளில் சுமந்து ஜெயித்துக் கொடுத்தார். எனக்கு இது போதும்.

கார்டனைப் பற்றிப் பேசும்போது நான் நடுநிலையாக இருக்க முடியாது, ஏனென்றால் அப்போது நான் அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் மேடிசனில் படித்துக்கொண்டிருந்தேன், 2014 நவம்பர் 15 அன்று மாணவர் பகுதியில் நின்றுகொண்டிருந்தேன். நெப்ராஸ்காவுக்கு எதிரான ஆட்டம். தொடக்கத்தில் 17-3 என்று பின்தங்கியிருந்தோம், பக்கத்தில் நின்றவர்கள் முகமெல்லாம் தொங்கிவிட்டது. அதற்குப் பிறகு நடந்ததை விவரிப்பது கஷ்டம். பனி விழ ஆரம்பித்திருந்தது, கையுறைக்குள்ளே விரல் மரத்துப்போய் கைதட்டினால் சத்தமே வரவில்லை. கார்டன் ஓடுவதில் ஒரு விசேஷம் உண்டு, லைன் திறக்கும் இடத்துக்கு முன்னால் ஒரு கணம் நின்று பார்ப்பது போல இருக்கும், அடுத்த கணம் ஆள் அந்தப் பக்கம் இருப்பார். மூன்றாவது கால் பகுதியின் கடைசி ஓட்டத்தில் 26 யார்டு ஓடி டச் டவுன் அடித்தபோது மொத்தம் 408. லடேனியன் டாம்லின்சன் 1999-இல் வைத்த 406 முறிந்தது. டாம்லின்சனுக்கு அதற்கு 43 ஓட்டம் தேவைப்பட்டது, கார்டனுக்கு 25. நான்காவது கால் பகுதி முழுக்க அவர் வெளியேதான் உட்கார்ந்திருந்தார். மூன்றாம் கால் பகுதி முடிந்ததும் மைதானம் முழுக்கக் குதிப்பது அங்கே வழக்கம், அன்று குதித்த குதியில் காலடியில் கான்கிரீட் படிகள் அதிர்ந்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. ஒரே வாரத்தில் ஓக்லஹோமாவின் சமாஜே பெரைன் 427 ஓடி அந்தச் சாதனையைத் தாண்டிவிட்டார், அது வேறு விஷயம்.

அப்படியானால் கார்டன் ஏன் மூன்றாவது என்று கேட்பீர்கள். அதே சீசனில், விஸ்கான்சின் ஆடும் பிக் டென் என்ற கல்லூரி லீகின் இறுதி ஆட்டத்தில் ஒஹாயோ ஸ்டேட் அவரை 76 யார்டில் நிறுத்தியது, 59-0 என்று தோற்றோம். லைன் உடைந்துபோன நாளில் அவரால் தானாக வழி உண்டாக்க முடியவில்லை. டேய்ன் அப்படிப்பட்ட நாளிலும் முட்டிமோதி மூன்று மூன்று யார்டாகச் சேர்ப்பார்.

மான்டே பாலை நான்காவதாக வைப்பேன். 2011-இல் ரஸல் வில்சன் குவார்ட்டர்பேக்காக, அதாவது பந்தை வீசும் ஆளாக, இருந்ததால் எதிரணிக்கு யாரைக் காப்பது என்றே தெரியவில்லை, அது பாலுக்கு உதவியது. ஆனால் கோட்டருகே ஐந்து யார்டு இருக்கும்போது அவரைப் போல அமைதியாக வழி கண்டுபிடித்த ஆளை நான் பார்த்ததில்லை, கல்லூரி வாழ்க்கையில் மொத்தம் 83 டச் டவுன்.

இனி இப்போதைய ஆட்கள். பலரும் திறமை வற்றிவிட்டது என்கிறார்கள், நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். பிரேலான் ஆலன் 2021-இல் வந்தபோது வயது 17. பள்ளியின் கடைசி வருடத்தை விட்டுவிட்டு வந்தவர், தற்காப்பு ஆட்டக்காரராகச் சேர்க்கப்பட்டு ரன்னிங் பேக் ஆனவர். அந்த முதல் வருடமே 1,268 யார்டு, தொடர்ந்து ஏழு ஆட்டத்தில் நூறுக்கு மேல். அடுத்த வருடம் 1,242, 2023-இல் 984. உடம்பும் வேகமும் டேய்னுக்கும் டெய்லருக்கும் நடுவில் இருந்தது. மாறியது அவர் இல்லை, அவரைச் சுற்றியிருந்த அணி.

விஸ்கான்சினின் ஓட்டம் எப்படி உண்டானது என்று பார்த்தால் இது புரியும். ஆல்வரெஸ் 1990-இல் வந்தபோது அணி முதல் சீசனில் ஒரே ஒரு ஆட்டம் ஜெயித்தது. அவர் செய்தது ஒன்றுதான், விஸ்கான்சின் மாநிலத்துப் பெரிய பையன்களைப் பிடித்து, ஒரு வருடம் ஆடாமல் உட்கார வைத்து, சாப்பாடும் பளுவும் கொடுத்து, இருபத்தொரு இருபத்திரண்டு வயதில் லைனில் நிறுத்தினார். உதவித்தொகை இல்லாமல் தானாக வந்து சேர்ந்த பையன்களும் அதில் உண்டு. டேய்னுக்கு இடது பக்கம் வழி திறந்த கிறிஸ் மெகின்டாஷ்தான் 2021-இல் அந்தப் பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறைத் தலைவரானார். ஜோ தாமஸ், கேப் கரிமி, டெய்லருக்கு முன்னால் நின்ற டைலர் பியாடாஸ் என்று அந்த வரிசை அறுபடாமல் வந்தது. லைனுக்குப் பின்னால் ஒரு ஃபுல்பேக்கும் இருப்பார், கார்டனுக்கு டெரெக் வாட், டெய்லருக்கு அலெக் இங்கோல்ட். லைனில் ஒரு பக்கம் நிற்கும் கார்டு என்ற ஆட்டக்காரர் லைனைவிட்டு விலகி மறுபக்கம் ஓடிவந்து முட்டுவார், ஃபுல்பேக் அவருக்குப் பக்கத்தில் இன்னொருவரை முட்டுவார், இருவருக்கும் நடுவில் பந்தோடு இவர் போவார். முப்பது வருடம் எல்லா எதிரணிக்கும் தெரிந்த ஆட்டம் இது, தெரிந்தும் தடுக்க முடியவில்லை. 1993 முதல் 2022 வரை சில வருடங்கள் தவிர ஒவ்வொரு சீசனிலும் யாராவது 1,000 யார்டு தாண்டினார்கள்.

2022 அக்டோபரில் பயிற்சியாளர் பால் கிறிஸ்ட் நீக்கப்பட்டு, அவர் இடத்துக்கு லூக் ஃபிக்கல் வந்து, 2023-இல் ஃபில் லாங்கோவின் பந்து வீசும் ஆட்டமுறையைக் கொண்டுவந்தார். ஃபுல்பேக்குக்கு அதில் வேலையே இல்லை. லைனில் நிற்பவர் இருவருக்கு இடையே தூரம் கூடியது, அவர்கள் கற்றதும் வேறு. அந்த வருடம்தான் ஆலன் 1,000-ஐத் தொடாமல் போனார். 2024-இல் ஓக்லஹோமாவிலிருந்து மாறி வந்த டாவீ வாக்கர் 864 யார்டோடு முதலிடம், அணி ஐந்து வெற்றி, ஏழு தோல்வி என்று முடித்து, 22 வருடமாக விடாமல் போய்க்கொண்டிருந்த பௌல் ஆட்டத் தொடர் அறுந்தது. லாங்கோவை சீசன் முடிவதற்குள் நீக்கினார்கள், ஓட்டத்தை நம்பும் ஜெஃப் கிரைம்ஸைக் கூட்டிவந்தார்கள். வாக்கர் ஒரே வருடத்தில் சின்சினாட்டிக்குப் போய்விட்டார். இதுதான் இப்போதைய பெரிய கஷ்டம். நினைத்த வருடம் அணி மாறலாம் என்ற விதி பையன்களுக்கு நல்லதுதான், அவர்கள் உழைப்புக்குப் பணம் கிடைப்பதும் நியாயம்தான், ஆனால் நான்கு வருடம் ஒரே லைனுக்குப் பின்னால் ஓடி, தன் இடது கார்டு எந்தக் காலை முதலில் வைப்பான் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் அளவுக்குப் பழகிய ரன்னிங் பேக் இனி உருவாவது கடினம். ஜேம்ஸ் வைட் நான்கு வருடத்தில் 4,015 யார்டு ஓடினார், பெரும்பாலும் ஜான் க்ளே, பால், கார்டன் என்று யாரோ ஒருவரோடு பந்தைப் பகிர்ந்துகொண்டே. இன்றைக்கு அவர் நிலையில் இருப்பவர் இரண்டாவது வருடமே வேறு ஊர் போயிருப்பார்.

அதனால் ஆலனை என் வரிசையில் முதல் பத்துக்குள் வைக்கிறேன், யார்டுக் கணக்கை மட்டும் பார்த்தால் அவர் கீழே போவார் என்று தெரிந்தும். 1998-இன் லைனையும் ஒரு நல்ல ஃபுல்பேக்கையும் கொடுத்து, நான்கு வருடம் இருக்கவும் விட்டிருந்தால் அவர் 5,000 யார்டைத் தாண்டியிருப்பார் என்பது என் நம்பிக்கை. பாலின் 5,140 அப்போது ஆபத்தில் இருந்திருக்கும். டேய்னின் 7,125-க்கு ஆபத்து வந்திருக்காது.